உலகம்மாள் சிஸ்டரோட மிஷின்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடலாமா அண்ணாச்சி? தூசியா வருது. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் தூசியிலயே கிடந்து வேலை பாத்தவன். அழுக்குச் சட்டையோட போயி நின்னா எங்க வீட்டுல ஒரு பார்வை பாப்பா, அதுக்குத்தான் சொல்லுதேன்.

மதுரைக்குத்தான் போறேன். அவ இப்பம் அங்கதான் இருக்கா. நர்ஸ். சும்மா ஊசி போடுத நர்ஸ் இல்ல, ஆஸ்பத்திரிக்குள்ள ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குக் கிருமி பரவாமப் பாத்துக்கிடுததுக்குன்னே ஒரு சிஸ்டரைப் போடுவாங்கல்லா, அந்த வேலை. திருநெல்வேலியில எங்க ஆஸ்பத்திரியில போயி உலகம்மாள் சிஸ்டர்னு கேட்டுப் பாருங்க, வாட்ச்மேன் கூட நிமிர்ந்து நிப்பான். நானும் அங்கதான். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஏசி, கரண்டு, தண்ணி, லிப்டு எல்லாம் என் பொறுப்பு. ஆறுமுகநயினார்னு எனக்கும் ஒரு பேரு இருக்கு. ஆனா அங்க வந்து அப்படிக் கேட்டா யாருக்கும் தெரியாது. உலகம்மாள் சிஸ்டரோட வீட்டுக்காரர்னு கேக்கணும்.

நீங்க எங்க இறங்கணும்? சாத்தூரா? அப்பம் நேரம் இருக்கு. நான் சொல்லுததைக் கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. வீட்டுல நடந்ததை வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். அவ மட்டும் சொல்லலாமாக்கும்.

எக்மோன்னு கேள்விப்பட்டிருப்பீய. பேப்பர்ல எல்லாம் வந்த பேருதான். நெஞ்சும் நுரையீரலும் கைவிட்டுட்டுன்னா, உடம்புல இருந்து ரத்தத்தை வெளிய எடுத்து, பிராணவாயுவைச் சேத்து, திரும்பவும் உள்ள அனுப்புத மிஷின். எங்க பெரிய டாக்டர் ஷாஜகான் நிர்வாகத்தோட மல்லுக்கட்டி அதை வாங்கினாரு. அதுல பாருங்க, மிஷின்ங்கது வெறும் பம்புதான். உள்ளபடி முக்கியம், அதுல மாட்டுத குழாய் செட்டு. ஒரு ஆளுக்கு மாட்டினா அதோட சரி, அப்புறம் குப்பைக்குத்தான். சீல் வெச்ச பெட்டியில வரும். அதைப் பிரிச்சு, ஒண்ணொண்ணாக் கோத்து, சலைன் தண்ணி நிரப்பி, உள்ள ஒரு பொட்டுக் காத்துக் குமிழி இல்லாமத் தட்டித் தட்டி வெளியேத்தணும். அதுக்கு நேரம் ஆகும். மூச்சு நின்னு போயி வந்தவனுக்கு ஏது நேரம்?

அதனால டாக்டர் என்ன செஞ்சாருன்னா, ஒரு செட்டை முன்கூட்டியே கோத்து, சலைனும் நிரப்பி, வாய் எல்லாத்தையும் அடைச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டு, ஐசியூவுக்குப் பக்கத்து அறையில தயாரா நிறுத்தி வெக்கச் சொன்னாரு. ஆள் வந்தா தள்ளிக்கிட்டுப் போயி மாட்ட வேண்டியதுதான். கோக்குததுக்கு பெலிக்ஸ்னு ஒருத்தன். நெஞ்சு ஆபரேஷன் நடக்கும்போது ரத்தம் ஓட்டுத மிஷினைப் பாத்துக்கிடுதவன், நாகர்கோவில்காரன், கெட்டிக்காரன். கோத்து வெச்சது அவன். காவல் இருந்தது எங்க வீட்டுக்காரி.

காவல்னா அப்படி ஒரு காவல். தண்ணி நிரப்பி வெச்ச பொருளாம். ஒரு கிருமி உள்ள போயிட்டுன்னா அது அந்தத் தண்ணியில கிடந்து பெருகுமாம். அதைக் கொண்டு போயி ஒரு ஆளுக்கு மாட்டினா நேரா ரத்தத்துல கலந்துருமாம். ஏற்கெனவே பாதி உயிர் போனவன், அவன் எப்படித் தாங்குவான்னு கேப்பா. எப்பம் கேப்பா? ராத்திரி நான் தோசைய வாயில வெக்கும்போது கேப்பா. 'சீலிங்குக்கு மேல என்ன கிடக்குன்னு தெரியுமா உங்களுக்கு? பூஞ்சை கிடக்கு, எலிப் புழுக்கை கிடக்கு. ஒரு பலகையைத் தூக்கினா அம்புட்டும் காத்துல வரும்'ங்கா. நான் சரி சரின்னு டிவியப் பாத்துக்கிட்டு இருப்பேன். பகல் பூரா சீலிங்கைப் பாத்துட்டு வந்த மனுசன், வீட்டுலயும் சீலிங்கைப் பத்தியா கேக்கணும்? சொல்லுங்க.

ஒருநாள் அந்த அறையில டியூப்லைட் மினுக்கு மினுக்குன்னுச்சு. ஏணியத் தூக்கிக்கிட்டுப் போறேன், பின்னால எலக்ட்ரீசியன் ரெண்டு பேரு வாரான். இவ வாசல்ல நிக்கா. 'சார், வெளிய நில்லுங்க'ங்கா. சாராம்! வீட்டுல ஏங்கன்னு கூப்பிடுதவ, ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்டா சார். 'மிஷின் உள்ள நிக்கும்போது இந்த அறையில சீலிங்கத் தொடக் கூடாது சார். எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க. நாங்க மிஷினை வெளிய எடுத்த பொறவு நீங்க வேலையப் பாருங்க'ங்கா. பின்னால நின்னவனுக ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிடுதான். எனக்கு முதுகெல்லாம் எரிஞ்சுட்டு. அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே அங்க நின்னவன் நான். ஒரு பலகையத் தூக்க பொண்டாட்டிகிட்ட அனுமதி வாங்கணும்!

சரி, அதை விடுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன்.

ஐப்பசி மாசம். நல்ல மழை. காலையில ஐசியூவுல இருந்து போன் வருது, அந்த அறையில ஏசியில இருந்து தண்ணி சொட்டுதுன்னு. நான் போயிப் பாத்தேன். சீலிங் பலகை ஊறிப்போயி வயித்த மாதிரி தொங்குது. சொட்டு விழுதது மிஷினுக்கு ஒரு சாண் தள்ளி. மேல வடிகால் குழாய் அடைச்சிருக்கு, பாத்த உடனே தெரிஞ்சுட்டு. இப்பம் இவகிட்ட சொல்லணும். சொன்னா என்ன ஆகும்? இவ புது நர்ஸுகளுக்கு கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கா. அதை விட்டுட்டு வருவா. பெலிக்ஸைக் கூப்பிடுவா. அவன் ஆபரேஷன் தியேட்டர்ல இருப்பான். மிஷினை எங்க கொண்டு போயி வெக்கன்னு ஒரு பேச்சு நடக்கும். பொறவு நான் வேலைய முடிச்ச பிறகு அறையக் கழுவணும்னு நிப்பா. அதுக்குள்ள பலகை பிஞ்சு விழுந்து, தண்ணி பூரா மிஷின் மேல கொட்டினா யாரைக் கேப்பாக? என்னைத்தான் கேப்பாக.

நானே ஏணியப் போட்டேன். தனியாத்தான். பலகைய எடுத்தேன், குழாயக் குத்தி அடைப்பை எடுத்தேன், புதுப் பலகைய வெச்சேன். தரையக் கூட நானே துடைச்சேன். உறை மேல கொஞ்சம் தூசி விழுந்துச்சு, தட்டி விட்டேன். கொஞ்ச நேரத்துல சொட்டு நின்னுட்டு. எனக்கு மனசுக்குள்ள ஒரு பெருமையா இருந்துச்சு அண்ணாச்சி. ஒருத்தரையும் தொந்தரவு பண்ணாம ஒரு காரியத்தை முடிச்சா வருமே, அந்த மாதிரி.

மத்தியானம் கேன்டீன்ல ரெண்டு பேரும் சேந்துதான் சாப்பிடுவோம். அன்னைக்கு எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும். இவ ஒரு வாய் எடுத்தவ, என் தலையப் பாத்தா.

'தலையில என்ன அது, வெள்ளையா?'

'சீலிங் தூசி.'

'எந்தச் சீலிங்?'

நான் மறைக்கல அண்ணாச்சி. அதை நீங்க கவனிக்கணும். மறைக்கணும்னு நினைச்சிருந்தா 'மூணாவது மாடியில'ன்னு சொல்லியிருக்கலாம்லா? புருஷன் பொண்டாட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், பேசுதோம். காலையில நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்சம் சந்தோசமாவே சொன்னேன்.

அவ கையில எடுத்த சோத்தைத் திரும்பவும் டப்பாவுல வெச்சுட்டா.

'மிஷின் உள்ளயா இருந்துச்சு?'

'உள்ளதான். உறை போட்டுத்தானே இருக்கு.'

'உறை மேல தூசி விழுந்துச்சா?'

'கொஞ்சம் விழுந்துச்சு. தட்டிட்டேன்.'

அவ்வளவுதான். எந்திரிச்சுக் கையக் கழுவினா, போயிட்டா. டப்பாவைக் கூட மூடல. நான் கேக்கேன், கட்டின புருஷன்கிட்ட சோத்துக்கு முன்னால உக்காந்து பேசினது பேச்சா, போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்த வாக்குமூலமா?

நான் பின்னாலயே போனேன். அங்க டாக்டர் நிக்காரு, பெலிக்ஸ் நிக்கான். பெலிக்ஸ் கெஞ்சுதான். 'அக்கா, உறை மேலதானே தூசி? உள்ள எல்லாம் அடைச்சுத்தானே இருக்கு? கையில இன்னும் ஒரே ஒரு செட்டுதான் இருக்கு. புதுசு வர நாளாகும். இன்னைக்கு ஒரு நாள் இதையே வெப்போம். துடைச்சுக்கிடலாம்.'

இவ சொல்லுதா, 'உள்ள போகலன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா பெலிக்ஸ்? என்னால முடியாது.'

டாக்டர் கேட்டாரு, 'சீலிங்கை யாரு திறந்தது?'

நான் அவளையே பாக்கேன். மெயின்டனன்ஸ் ஆளுகன்னு சொல்லலாம். இனிமேத்தான் விசாரிக்கணும்னு சொல்லலாம். கொஞ்சம் கூடத் தயங்கல. 'என் வீட்டுக்காரர்தான் திறந்தாரு, டாக்டர்'னா. எல்லாருக்கும் முன்னால. அந்த நேரத்துல மட்டும் நான் சார் இல்ல, வீட்டுக்காரர்!

டாக்டர் என்னை ஒரு பார்வை பாத்தாரு. திட்டல. பொறவு, 'தூக்கிப் போட்டுருங்க. புது செட்டைக் கோத்து வெச்சிரு பெலிக்ஸ்'னுட்டுப் போயிட்டாரு. இவ அந்தச் சலைன்ல கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு, கத்திரிக்கோலை எடுத்து குழாயை எல்லாம் வெட்டினா. யாரும் தப்பித் தவறி எடுத்து மாட்டிரக் கூடாதாம். நல்லா இருந்த பொருளை என் கண்ணு முன்னாலயே வெட்டி, குப்பைக்குன்னு வெச்ச சிவப்புப் பைக்குள்ள போட்டா.

பெலிக்ஸுக்குத் தியேட்டர்ல அடுத்த ஆபரேஷனுக்கு வேலை இருந்துச்சு. அதை முடிச்சிட்டு வந்து கோக்கேன்னு போனான். அந்த இடைவெளியிலதான் அந்தப் புள்ளை வருது.

கயத்தாறு தாண்டிட்டா? தாண்டிருக்கும். தண்ணி குடிக்கீயளா? வேண்டாமா? சரி.

அந்தப் புள்ளை பேரு தங்கச்செல்வி. வள்ளியூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். நல்லா ஓடுத புள்ளையாம். சாதாரணக் காய்ச்சல்தான் வந்திருக்கு, அது நெஞ்சுல போயி இறங்கிட்டு. பள்ளிக்கூடம் விடுத நேரம் இருக்கும், ஆம்புலன்ஸ்ல கொண்டு வாராங்க. கூட அவ அப்பா, தவசிக்கனின்னு பேரு, கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வரும்போது பேசிக்கிட்டுத்தான் வந்திருக்கு. ஐசியூ கட்டில்ல தூக்கிப் போடவும் நெஞ்சு நின்னுட்டு.

அந்தச் சத்தம் இருக்கே அண்ணாச்சி. சத்தம்னா கூச்சல் இல்ல. நெஞ்சுல ஒரு ஆள் மாத்தி ஒரு ஆள் ஏறி அமுக்குதாங்க, அந்தக் கட்டில் கிறீச் கிறீச்னு. அது நிக்கக் கூடாது. நின்னா அந்தப் புள்ளை போச்சு. டாக்டர் 'எக்மோ'ன்னு கத்துதாரு. ஒரு நர்ஸ், புதுசு போல, பழக்கத்துல பக்கத்து அறைக்கு ஓடி, மிஷினைத் தள்ளிக்கிட்டு வந்துட்டா. மேல குழாயே இல்ல. மொட்டையா நிக்கு. எல்லாரும் அதைப் பாத்துட்டு இவளைப் பாத்தாங்க.

தியேட்டர்ல இருந்து பெலிக்ஸ் ஓடி வந்தான். பெட்டியக் கிழிச்சான். நான் அந்தப் பக்கமா போனவன் அப்படியே நின்னுட்டேன். இவ என்னைப் பாத்தா. 'சார், கதவுல நில்லுங்க. ஒரு ஆளையும் உள்ள விடாதீங்க'ங்கா. நின்னேன். என்ன செய்ய?

அந்த அப்பா வந்தாரு. 'எம்புள்ளை, எம்புள்ளை'ன்னு கதவைத் தள்ளுதாரு. நான் அவரு நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சுத் தடுத்தேன். அவரு நெஞ்சு அடிக்குதது என் கையில தெரியுது. உள்ள அவரு மக நெஞ்சை வேற ஒருத்தன் அமுக்குதான். 'ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, மிஷின் தயாராயிட்டு இருக்கு, இந்தா ஆயிரும்'னு சொல்லுதேன். கண்ணாடி வழியா உள்ள பாக்கேன். ஆகவே மாட்டேங்குது.

பெலிக்ஸ் கோத்துட்டான். சலைனைத் திறந்து விட்டுட்டான். குழாயைத் தட்டுதான், குமிழி ஒண்ணொண்ணா மேல ஏறுது. டாக்டர் தொடையில குழாயை இறக்கிட்டு, 'பெலிக்ஸ், பெலிக்ஸ்'னு அதையேதான் சொல்லுதாரு. அமுக்குதவன் முகத்துல இருந்து வேர்வை சொட்டுது, அடுத்தவன் ஏறுதான். அப்பம் பாத்து இவ சொல்லுதா, 'பெலிக்ஸ், கை கட்டில் கம்பியில பட்டுட்டு. கையுறைய மாத்து.'

எல்லாரும் இவளைக் கடிச்சுத் தின்னுத மாதிரி பாத்தாங்க. ஒரு டாக்டர் அசிங்கமாவே ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. அந்த நேரத்துலயுமா அண்ணாச்சி, கையுறை? பெலிக்ஸ், 'அக்கா, நேரம் இல்ல'ங்கான். இவ நகரல. புதுக் கையுறையப் பிரிச்சு நீட்டிக்கிட்டு நிக்கா. 'நீ மாத்து. நான் நிக்கேன்'ங்கா. குரல்ல ஒரு ஏத்தம் இல்ல, இறக்கம் இல்ல. அவன் மாத்தினான். உங்களுக்கு எப்படிச் சொல்லுதது, எனக்கு அன்னைக்கு அவளைக் கண்டு பயமா இருந்துச்சு. கூட இத்தனை வருசம் குடித்தனம் பண்ணின பொம்பளைதான்.

பொறவு மாட்டினாங்க. கறுப்பா ஒரு பக்கம் ரத்தம் போகுது. மறுபக்கம் செக்கச்செவேல்னு வருது. டாக்டர் கைய உயர்த்தினாரு. அமுக்குதவன் நிறுத்தினான். கட்டில் சத்தம் நின்னுட்டு. அந்த அப்பா, சத்தம் நின்ன உடனே புள்ளை போச்சுன்னு நினைச்சுட்டாரு. அப்படியே என் மேல சாஞ்சுட்டாரு. 'இல்ல, பொழைச்சுட்டா, பொழைச்சுட்டா'ன்னு நான்தான் காதுல சொன்னேன். நான்தான் முதல்ல சொன்னேன் அவருக்கு.

எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டா, இந்த பஸ்ல கங்கைகொண்டான்ல இருந்து கயத்தாறு வருத நேரம் இருக்கும். நம்ம உக்காந்து பேசிக்கிட்டு வந்துருதோம். அங்க நிக்கும்போது அது முடியவே முடியாத மாதிரி இருந்துச்சு.

புள்ளை பொழைச்சுட்டு. நெஞ்சு தானாவே தேறி, மிஷினைக் கழட்டி, பேசுச்சு, சாப்பிட்டுச்சு. ஆனா இடது கால்ல ரத்தம் சரியாப் போகாம விரலு கறுத்துட்டு. ரெண்டு விரலை எடுக்கணும்னுட்டாங்க, பெருவிரலும் அதுக்கு அடுத்ததும். ஓடுத புள்ளை. டாக்டர் சொல்லுதாரு, 'எக்மோ போட்டா சில பேருக்கு இப்படி ஆகும். நெஞ்சு நின்ன நேரத்தாலயும் ஆயிருக்கலாம். உடனே மாட்டியிருந்தாலும் ஆயிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.' டாக்டர்மாரு அப்படித்தான் சொல்லுவாக. எனக்கு உறுதியாத் தெரியும். அந்தத் தயாரா இருந்த செட்டை மட்டும் வெட்டாம இருந்திருந்தா, வந்த உடனே மாட்டியிருப்பாங்க. அந்தப் புள்ளை இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருந்திருக்கும். உறை மேல விழுந்த தூசிக்காக ஒரு விளையாட்டு டீச்சரோட விரலு போச்சு. இதை நான் சொல்லாம யாரு சொல்லுவா?

சொன்னேன். அந்த அப்பா என்கிட்ட வந்து கேட்டாரு. அன்னைக்குக் கதவுல என் மேல சாஞ்சவருல்லா, என்கிட்ட ஒரு பாசம். 'இங்க மிஷின் எப்பவும் தயாரா இருக்கும்னு சொன்னாங்களே, என் மக வந்த அன்னைக்கு மட்டும் ஏன் இல்ல?'ன்னாரு. அவரு கண்ணைப் பாத்துப் பொய் சொல்ல முடியல எனக்கு. 'இருந்துச்சு அண்ணாச்சி. உலகம்மாள் சிஸ்டர்தான் தூக்கிப் போடச் சொன்னது'ன்னு சொல்லிட்டேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவ டாக்டர் முன்னால என்னைப் பத்தி உண்மைய மறைச்சாளா?

அவரு நேரா வராந்தாவுல போயி இவளைப் பிடிச்சுக்கிட்டாரு. 'உன் மக காலா இருந்தா வெட்டுவியா'ன்னு கத்துதாரு. நோயாளிங்க, பாக்க வந்தவங்க எல்லாம் கூடிட்டாங்க. எங்களுக்குப் புள்ளை கிடையாது, அது அவருக்குத் தெரியாது. இவ கைய முன்னால கட்டிக்கிட்டு நின்னா. 'என் வீட்டுக்காரரு சீலிங்கைத் திறந்தாரு, அதனாலதான்'னு சொல்லுவான்னு நான் தூண் பக்கத்துல நின்னு காத்துக்கிட்டு இருக்கேன். சொல்லல. 'மாட்டக் கூடாத நிலைமையில இருந்துச்சுங்க ஐயா. உங்க மகளுக்கு அதை மாட்ட எனக்கு மனசு வரல'ன்னு மட்டும் சொன்னா. அவரு காறித் துப்பிட்டுப் போனாரு.

சாயங்காலம் வீட்டுல என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. 'அவருகிட்ட நீங்களா சொன்னீய?'

'உண்மையைத்தானே சொன்னேன்?'

பொறவு அடுப்படிக் குழாய்ல கையக் கழுவிட்டு உள்ள போயிட்டா. அவ எப்பவும் கை கழுவுதவதான், அதை நான் பெருசா எடுத்துக்கிடல.

இதோட முடிஞ்சிருந்தா எல்லா வீட்டுலயும் நடக்குத சண்டைன்னு விட்டிருப்பேன். அதுக்குப் பொறவுதான் லேப்ல இருந்து முடிவு வந்துச்சு. வெட்டிப் போட்ட செட்டுல இருந்து எடுத்து அனுப்பினால்லா, அந்தச் சலைன்ல கிருமி வளந்திருக்காம். மேல இல்ல, உள்ள. எனக்கே ஆச்சரியமாப் போச்சு.

டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. 'தூக்கிப் போட்டது நல்லதாப் போச்சு. மாட்டியிருந்தா அந்தப் புள்ளை பொழைச்சிருக்காது. ஆனா உறை மேல விழுந்த தூசி, அடைச்சு வெச்ச குழாய்க்குள்ள எப்படிப் போச்சு? அதைக் கண்டுபிடிக்காம இன்னொரு செட்டைத் தயாரா வெக்க எனக்குத் தைரியம் இல்ல'ன்னாரு. பெலிக்ஸ் முகம் செத்துப் போச்சு, தான் கோத்ததுலதான் குறையோன்னு.

இவதான் எந்திரிச்சா. இதை நான் முன்னாலயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும் அண்ணாச்சி, அந்தக் குழாய்ல ஓரமா ஒரு சின்ன வாய் உண்டு. வாரா வாரம் அது வழியாக் கொஞ்சம் சலைன் எடுத்து லேபுக்கு அனுப்புவா, கிருமி இருக்கான்னு பாக்க. அந்த வேலைய மட்டும் வேற யாருகிட்டயும் விட மாட்டா. எந்திரிச்சு நின்னு சொல்லுதா, 'பெலிக்ஸ் கோத்த பொறவு வந்த முடிவெல்லாம் சுத்தமா இருந்துச்சு டாக்டர். அதனால அவன் மேல குத்தம் இல்ல. அந்த வாயைத் திறந்து மூடினது நான் ஒருத்திதான். கடைசியா எடுக்கும்போது என் கையிலதான் பிசகு நடந்திருக்கு.' டாக்டர், 'உங்க கையிலயா சிஸ்டர்? நம்ப முடியலயே'ன்னாரு. 'எனக்கும் நம்ப முடியல. ஆனா வேற வழியே இல்ல டாக்டர்'னுட்டு உக்காந்துட்டா.

எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. என்ன இருந்தாலும் பொண்டாட்டில்லா? அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்தேன். 'மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும், விடு'ன்னேன். குடிக்கல.

அதுல இருந்து ஆளே மாறிட்டா. சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போது கைய விரிச்சு வெச்சுப் பாப்பா. அந்தக் குழாய் வாயை எப்படித் திறந்தேன், எந்த விரலு எதுல பட்டுச்சுன்னு காத்துல செஞ்சு செஞ்சு பாப்பா. திரும்பத் திரும்பக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுப் போச்சு. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னா, 'தெரியலயேங்க, எங்க விட்டேன்னு தெரியலயே'ம்பா. பொறவு ஒருநாள் பெட்டியக் கட்டிட்டா. மதுரையில எங்க ஆஸ்பத்திரியோட கிளை ஒண்ணு இருக்கு, அங்க மாத்திக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டா. அங்க என்ன வேலைங்கீய? காலையில வருத நோயாளிக்கு எடை பாக்குதது, பிரஷர் பாக்குதது. இருபது வருசத்துக்கு மேல சர்வீஸ் உள்ள பொம்பளை! போகும்போது சொன்னா, 'இனிமே ஒரு உயிர் ஒட்டிக்கிட்டு இருக்குத பொருள் மேல என் கை படக் கூடாது.' திருநெல்வேலியில இப்பம் தயார் மிஷின் கிடையாது. உறை போட்டு மூலையில நிக்கு. ஆள் வந்தா அதுக்குப் பொறவுதான் கோக்கணும்.

நானும் ஓட்டல்ல தின்னு தின்னு பாத்தேன். போதும். இன்னைக்குக் கையோட கூட்டிக்கிட்டு வந்துரணும்னுதான் போறேன். 'நடந்தது நடந்துட்டு. நீ பண்ணின தப்பை நான் மனசுல வெச்சுக்கிடல, வா'ன்னு சொல்லப் போறேன். வேற எந்தப் புருஷன் இப்படிச் சொல்லுவான், நீங்களே சொல்லுங்க.

இந்தா, சாத்தூர் வந்துட்டுல்லா. பைய எடுத்துக்கிடுங்க. குடை உங்களுதுதானா?

என்ன கேக்கீய? நான் ஏணி போட்ட அன்னைக்கு மிஷின்ல ஏதாவது இடிச்சுதான்னா?

இடிச்சுது. சின்ன அறைதானே. ஏணியத் திருப்பும்போது அதோட கால் போயி லேசா இடிச்சுது. உறை ஒரு பக்கமா விலகிட்டு. அவ சலைன் எடுக்குத அந்தச் சின்ன வாயில ஒரு வெள்ளை மூடி போட்டிருக்கும்லா, அது தெறிச்சுத் தரையில போயி விழுந்துட்டு. நான் அப்படியே விட்டுட்டு வருத ஆளா அண்ணாச்சி? குனிஞ்சு தேடி எடுத்தேன். நல்லா ஊதி, சட்டையிலயும் ரெண்டு துடை துடைச்சு, இறுக்கித் திருகி மூடிட்டுத்தான் ஏணியில ஏறினேன். என் வேலையில அந்த மாதிரி ஒரு குறை யாரும் சொல்ல முடியாது.

அவகிட்டயா? அவகிட்ட எதுக்கு அதைச் சொல்லணும்? அவ கேட்டது உறை மேல தூசி விழுந்துச்சான்னுதானே. அதுக்கு பதில் சொன்னேன். இதையும் சொன்னா, அதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பா.

என்ன அண்ணாச்சி அப்படியே நிக்கீய? பஸ்ஸ எடுக்கப் போறான். இறங்குங்க.